இரண்டு தடவை செத்த கமலாக்ஷியம்மா

இனிமேல் சனிக்கிழமை ரவிக்கைக்கு ஹூக்கு தைப்பதில்லை என்று பாண்டியராஜன் முடிவெடுத்தான். சும்மா முடிவா? காக்கநாட்டில் ஐ.டி. வேலை பார்க்கிறவன், புரோகிராமாகவே எழுதிவிட்டான்!

மனைவி இசக்கிசெல்விக்கு மட்டாஞ்சேரியில், வீட்டு முன்னறையிலேயே தையல் கடை. சனிக்கிழமை வந்தால் இவன் ஊசியும் கையுமாக உட்கார வேண்டும். தோப்பும்படியிலோ கேரம்போர்டு காத்துக் கிடந்தது.

ஏற்பாடு இதுதான். 'கப்பைக்கிழங்கு வாங்கியாரேன்' என்று காலையில் நழுவ வேண்டியது. பொய்யைத் தன் கையால் டைப் அடிக்க இவனுக்கு மனசு வராது. அதனால் பத்து மணிக்கு அவள் போனுக்குச் செய்தி தானாகவே போகும்: 'மேனேஜர் சந்தீப்போட அம்மா இறந்துட்டாங்க. அங்க போறேன்.'

கம்பைலர் ஒத்துக்கொள்ளவில்லை. புரோகிராமை ஓடவிடும் முன்பே குறை கண்டுபிடிக்கிற ஆசாமி அது. இவன் எழுதியது குளோஷர். வெளியே கிடப்பதை மடியில் கட்டிக்கொண்டு போகிற குட்டி நிரல். மடியில் உள்ளதைப் பார்க்க மட்டும் செய்கிறதா, மாற்றுகிறதா, விழுங்கியே விடுகிறதா என்று கம்பைலர் தானாகவே புரிந்துகொள்ளும். 'உன் குளோஷர் அந்தச் சாவுக் காரணத்தை விழுங்குகிறது. ஒரு தடவைதான் ஓடும். நீ வாராவாரம் ஓட்டச் சொல்கிறாய்' என்று சிவப்பில் கத்தியது.

"எனக்கே பாடமா?" என்றான். வேறு காரணம் யோசிக்கச் சோம்பல். விழுங்க விழுங்க நகல் எடுத்துக் கொடு என்று ஒரு வார்த்தை சேர்த்தான். கம்பைலர் வாயை மூடிக்கொண்டது.

முதல் சனி அமோகம். இரண்டாம் சனி சாயங்காலம் கப்பையும் கையுமாக வீட்டுக்குள் நுழைந்தான். நாற்காலியில் சந்தீப்பின் அம்மா கமலாக்ஷியம்மா! கையில் சாயா. இசக்கிசெல்வி தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க அத்தான். துட்டி வீட்டுல நல்லபடியா எடுத்தாச்சா?"

"மோனே, ஞான் ரெண்டு வட்டம் மரிச்சோ?" என்றார் கமலாக்ஷியம்மா.

"அது... புரோகிராம்ல ஒரு தப்பு..."

"கம்பைலர்னு ஒண்ணு பிடிக்கும்னு பீத்துவீயளே, பிடிக்கலையா?"

"பிடிச்சுது. வாயை அடைச்சிட்டேன்."

"போன சனிக்கிழமை செத்தப்பவும் இவுங்க இதே நாற்காலியிலதான் இருந்தாவ. மறுபடியும் சாவாவளான்னு பாக்கத்தான் பேசாம இருந்தேன்."

அய்யோ, வேலை போச்சு! பாண்டியராஜன் கப்பையைக் கீழே வைத்தான்.

"சந்தீப்பு அறியண்டா அல்லே?" என்று கமலாக்ஷியம்மா சிரித்தார்.

"சந்தீப்புக்குத் தெரிய வேண்டாம்னா, இவுங்க வீட்டுக் கல்யாணத்துக்கு நாப்பது ரவிக்கை இருக்கு. ஹூக்கு பூரா உங்க பொறுப்பு" என்றாள் இசக்கிசெல்வி.

அடுத்த சனிக்கிழமை. ஏழாவது ரவிக்கைக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தான். பத்து மணி. அவள் போன் 'டிங்' என்றது. எடுத்துப் படித்தாள்.

"ஏன் அத்தான், இந்தத் தடவை நீங்க துட்டிக்குப் போகலையா?"