தோற்க வந்த மாப்பிள்ளை

தூண்டிலில் மாட்டிய மீனைப் பார்த்ததும் ஷிகெனோ அவசரமாக அக்கம்பக்கம் பார்த்தான். ஒரு யென் காசின் மேல் வைத்தால் தலையும் வெளியே நீளாது, வாலும் நீளாது. அவ்வளவு சின்ன தனகோ மீன்!

கஸுமிகௌரா ஏரிக்கரையில் வேறு எவனாக இருந்தாலும் குதித்திருப்பான். தனகோ பிடிப்பவர்களில் சின்ன மீன் வைத்திருப்பவன்தானே பெரிய ஆள்? இவனோ திருட்டு முழி முழித்தபடி அதைத் தண்ணீரில் நழுவவிட்டான்.

பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்த ஒனுமா திரும்பினார். "என்ன தம்பி, பொடிசா ஏதாவது?"

"வெறும் பாசிங்க!"

மனுஷர் முகம் தொங்கிப்போயிற்று. ஷிகெனோவுக்குப் பகீரென்றது. அவர் மகள் மிசுஹோவைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் கேட்கத்தான் வந்திருந்தான். "மத்தியானம் வரைக்கும் மீன் பிடிப்போம். யாரோடது சின்னதுன்னு பார்த்துட்டு அப்புறம் பேசலாம்" என்றுவிட்டார் அவர்.

மிசுஹோ நேற்றே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "அப்பாவை மட்டும் ஜெயிச்சுடாதே! தோத்தா ஒரு வாரம் யார்கூடவும் பேச மாட்டாரு."

ஒனுமா பூதக்கண்ணாடி வைத்து ராவிக் கொடுத்த தூண்டில் முள்தான் வினை. கண்ணுக்கே தெரியாத அதில் முட்டைக்கரு மாவைத் தொட்டுப் போட்டால் பொடிசுகள் வரிசை கட்டி வந்தன. சத்தமில்லாமல் கழற்றிவிட்டுத் தன் பையிலிருந்த தடிமுள்ளைக் கட்டினான். சுண்டைக்காய் அளவு மாவு உருட்டிப் போட்டான்.

அதிலும் ஒரு பொடிசு, வயிறு குத்துப்பட்டு வந்தது!

"சனியனே, உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று அதையும் விட்டான்.

எட்டிப் பார்த்தான். ஒனுமாவின் கண்ணாடிப் பெட்டியில் நாலு விரல் நீளத்துக்கு ஒன்று கிடந்தது. அடக் கடவுளே, இவருக்கே இன்று கை ஓடவில்லையே! அதைவிடப் பெரிதாகப் பிடித்தால்தான் கல்யாணம்.

"நான் மதகுப் பக்கம் போறேங்க."

"அங்கேயா? அங்கே ஆழம்பா! பொடிசு இருக்காது. நாணல் ஓரமாவே இரேன்!" அவர் கெஞ்சுவது போலிருந்தது. நல்ல மனுஷர் என்று உருகியபடியே ஓடினான்.

மதகடியில் புழுவைக் குத்திப் போட்டான். ஒரே இழுப்பு! கோல் முறிந்தது. அவன் பக்கத்துத் தாமரைக்கிழங்கு வயலில் இடுப்பளவு சேற்றில் விழுந்தான். ஆனாலும் நூலை விடவில்லை. ஒரு சாண் கெண்டையைக் கட்டிக்கொண்டு எழுந்தான். அப்பாடா!

ஒனுமாவின் மனைவி சோற்று உருண்டைகளோடு வந்து சேரவும் மத்தியானச் சங்கு ஊதவும் சரியாக இருந்தது.

"இதைவிடச் சின்னதா ஒண்ணுகூடவா கிடைக்கலை?" ஒனுமா கெண்டையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சத்தியமா இல்லைங்க! நீங்கதான் ஜெயிச்சீங்க!" சேறு தெறிக்கக் கைதட்டினான் ஷிகெனோ.

ஒனுமா தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். விறுவிறுவென்று போய்விட்டார்.

"ஜெயிச்சுமா கோபம்?" என்று மலைத்து நின்றான்.

அந்த அம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "என்ன காரியம் பண்ணிட்டீங்க தம்பி! தன்னோடதைவிடச் சின்ன மீன் பிடிக்கிறவனுக்குத்தான் பொண்ணுன்னு மீன்பிடிச் சங்கத்துல எல்லார் முன்னாலயும் சவால் விட்டுட்டாரு. உங்களை எப்படியாவது ஜெயிக்க வைக்கணும்னு, பாவம், காலையிலேருந்து கெண்டை பிடிக்கிற பெரிய முள்ளைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு!"