பின்பக்கம் பார்க்கும் பீரங்கி

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று வழக்கம்போல் ஆரம்பித்தால் முதல் வார்த்தையிலேயே பொய் வந்துவிடும். உன் வீட்டில் ஏற்கெனவே வேண்டிய மட்டும் பொய் சொல்லிவிட்டு வந்திருப்பதால் இந்த முறை அதை விட்டுவிடுகிறேன். மாப்பிள்ளைக்கு என் மரியாதையைச் சொல். ஆனால் இந்தக் கடிதத்தை அவர் வாசிப்பதற்கு முன்னால் நீ வாசி, உட்கார்ந்து வாசி, அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிட்டு வாசி. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். மூன்று தடவை போன் போட்டேன். மூன்று தடவையும் உன் குரலைக் கேட்டதும் வாய் வராமல், வீட்டில் பெயின்ட் காய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். மூன்றாவது தடவை நீயே, "எத்தனை தடவைண்ணா காயும்?" என்று கேட்டாய்.

விஷயம் நம் பொடிசின் ரிமோட் பீரங்கி வண்டியைப் பற்றியது. அதை உடைத்தது உன் மகள் இல்லை. நான்தான். எழுதிவிட்டேன், இனி அடிக்க முடியாது, பேனாவில் எழுதியது.

என் வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று உன் வீட்டில் வந்து பத்து நாள் தங்கினேன் இல்லையா, வந்த அன்று சாயங்காலமே பொடிசு என்னைத் தரையில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். எட்டு வயசுக் குழந்தை என்று நினைத்து உட்கார்ந்தேன், எங்கள் தொழிற்சாலை மேலாளரே தோற்றுப்போவார். ஓட்டி முடித்ததும் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சக்கரத்தைத் துடைக்கணுமாம், சக்கரத்தில் முடி சுற்றியிருந்தால் இழுக்காமல் வெட்டி எடுக்கணுமாம், கால் மணி நேரம் ஓட்டினால் கால் மணி நேரம் அதற்கு ஓய்வு கொடுக்கணுமாம், ஈரத்தில் கூடாது, மணலில் கூடாது, நூல் தொங்குகிற விரிப்பில் கூடவே கூடாது, எங்கேயாவது மாட்டிக்கொண்டால் மேலும் மேலும் அழுத்தாமல் கையால் தூக்கணும், எடுத்து வைக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிடணும். எல்லாவற்றையும் என்னைத் திருப்பிச் சொல்ல வைத்தாள். பேட்டரியை நான் விட்டுவிட்டேன் என்று மறுபடி முதலிலிருந்து சொல்ல வைத்தாள். வருகிற சனிக்கிழமை பள்ளிக்கூடக் கண்காட்சியில் பன்னிரண்டு புத்தகம் அடுக்கி அதன் மேல் வண்டியை ஏற்றிக் காட்டப்போவதையும் அன்றைக்குத்தான் சொன்னாள்.

உனக்கே தெரியும், நான் மின்விசிறித் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் சோதனைப் பிரிவில் இருந்தவன். ஒரு பொருள் எத்தனை நாள் உழைக்கும் என்று அது உடைகிறபோதுதான் தெரியும், அதுவரைக்கும் தெரியாது, இதுதான் எனக்குத் தெரிந்த ஒரே தொழில். ஓய்வு பெற்ற பிறகு யாரும் எதையும் என்னிடம் கொடுத்துச் சோதித்துப் பார் என்று சொல்வதில்லை. உன் வீட்டில்தான் மாப்பிள்ளை இஸ்திரிப் பெட்டியைக் கொடுத்தார், டார்ச்சைக் கொடுத்தார், ஆடுகிற நாற்காலியைக் கொடுத்தார். நானும் பார்த்துவிட்டுச் சின்னதாக அறிக்கை எழுதி, கூடவே எடுத்துக்கொண்டு வந்திருந்த பழைய முத்திரையைக் குத்திக் கொடுத்தேன். பொடிசு பக்கத்திலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். அந்தப் பெருமை தலைக்கு ஏறிவிட்டது, வேறென்ன.

ஐந்தாம் நாள் நீங்கள் மூன்று பேரும் கிளம்பிப் போன பிறகு, சும்மா பார்ப்போமே என்று வண்டியை அலமாரியிலிருந்து இறக்கி, பேட்டரியைப் போட்டேன். இரண்டு புத்தகம் ஏறியது, நாலு ஏறியது, என் செருப்பு ஏறியது, தலையணையும் ஏறியது, கால் மணி நேரமாவது ஓய்வாவது, எனக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு தாங்குகிறதே, விரிப்பை மட்டும் ஏன் தாங்காது என்று தொழில் புத்தி கேட்டது. விரிப்பில் விட்டேன். குஞ்சத்து நூல் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு நின்றுவிட்டது. கையால் தூக்கியிருக்கணும். நான் அழுத்தினேன். லேசாக ஒரு வாசனை வந்தது, இன்னும் அழுத்தினேன். அப்புறம் நூலை உன் நகவெட்டியால் அறுத்து எடுத்து, சூடு தணியட்டும் என்று ஈரத்துணி போர்த்தி உட்காரவைத்தேன், காய்ச்சல்காரனுக்குப் போர்த்துகிற மாதிரி. அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. கூரியர்காரர். அறுபது வயசு மனுஷன் பொம்மையோடு பிடிபடக் கூடாதே என்று ரிமோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். மறைத்த கை எதை அழுத்தியதோ, ஈரத்துணியைப் போர்த்தியபடியே வண்டி என் காலுக்கு நடுவில் புகுந்து வெளியே போய், மாடிப்படியில் இறங்கியது. இறங்கியது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பதினாலு படி.

கூரியர்காரர் நல்ல மனுஷர். கீழே போய்ப் பீரங்கி இருக்கிற தலையை ஒரு கையிலும் மிச்ச உடம்பை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு வந்து, "சார், இது உங்களோடதா?" என்று கேட்டார். என் பின்னால் கையில் ரிமோட். ஏரியல் தோளுக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. நான் சொல்கிறேன், "இல்லைங்க, பக்கத்து வீட்டுப் பையனோடதா இருக்கும், குடுங்க, குடுத்துடறேன்." அவர் ஏரியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். உங்கள் பக்கத்து வீட்டில் பையனே கிடையாது என்பது எனக்கு மத்தியானம்தான் ஞாபகம் வந்தது.

இடது பக்கச் சங்கிலிப் பட்டை அறுந்துபோச்சு. தலை தனியா வந்துடுச்சு. தலையை மட்டுமாவது ஒட்டிடலாம்னு மாப்பிள்ளையோட மேசையிலிருந்து பசையை எடுத்தேன், அது இப்படி ஒரே நொடியில பிடிக்கும்னு யாருக்குத் தெரியும், பீரங்கி பின்பக்கம் பார்த்தபடி ஒட்டிக்கிச்சு, கூடவே என் கட்டைவிரலும் ஒட்டிக்கிச்சு. முக்கால் மணி நேரம் வெந்நீர்ல விரலையும் வண்டியையும் சேர்த்து ஊற வெச்சேன். கொஞ்சம் தோல் அதுக்குப் போச்சு, கொஞ்சம் பச்சைப் பெயின்ட் எனக்கு வந்துச்சு. சாயங்காலம் நீ வந்ததும் ஆப்பிள் வெட்டும்போது கையில பட்டுடுச்சுன்னேனே, நீ பதறிப்போய் மருந்து போட்டுக் கட்டுக் கட்டினியே, வீட்டுல அன்னைக்கு ஆப்பிளே இல்லைம்மா. நீ ஊதி ஊதிக் கட்டினப்போ எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

அன்னைக்கே சொல்லியிருக்கணும். வண்டியைத் துடைச்சு அலமாரியிலேயே வெச்சுட்டேன். மறுநாள் காலையில மாப்பிள்ளைதான் முதல்ல பார்த்தார். அவர் பல் டாக்டர் ஆச்சே, டார்ச் அடிச்சு வண்டியை அண்ணாந்து பார்க்கவெச்சு, அடியில எல்லாம் ஆராய்ஞ்சுட்டு, "நீங்க பாருங்க மச்சான், நீங்கதான் இதுல நிபுணர்"னு என் கையில குடுத்தார். நிபுணர்னு ஒரு வார்த்தை சொன்னார் பாரு, அதுல விழுந்தேன். பேப்பரை எடுத்து எழுதினேன். சக்கரங்கள் சுத்தம் செய்யப்படவில்லை, அதிக நேரம் இயக்கப்பட்டுள்ளது, பேட்டரிகள் கழற்றப்படாமல் உள்ளேயே விடப்பட்டதால் கசிவு ஏற்பட்டுள்ளது, பழுதுக்குக் காரணம் உபயோகிப்பவரின் கவனக்குறைவு. எழுதறதுக்கு முன்னால பேட்டரி மூடியை நான் திறந்துகூடப் பார்க்கலை. முத்திரை வேற குத்தினேன்.

சத்தமா வாசிச்சுக் காட்டினேன். பேட்டரிங்கிற வரியில பொடிசு தலையைத் தூக்கி என்னை ஒரு மாதிரி பார்த்தா. தப்புப் பண்ணின குழந்தை பார்க்கிற பார்வைன்னு நினைச்சுக்கிட்டேன், என் புத்தியை என்ன சொல்ல. அப்புறம் மெதுவா, "மாமா எழுதினா சரியாத்தான் இருக்கும். நான்தான் கவனிக்கலை"ன்னா. அழலை. அழுதிருந்தா நான் அப்பவே உளறியிருப்பேன். மாப்பிள்ளை இனிமே ரிமோட் பொம்மையே கிடையாதுன்னார், பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணிக் கண்காட்சியிலிருந்து அவ பேரையும் எடுக்கச் சொல்லிட்டார். நான் காபி குடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு குழந்தை தன் கண்ணைவிட என் முத்திரையை நம்பிடுச்சேங்கிறதுதான் இந்த ரெண்டு வாரமா என்னைத் தூங்க விடலை. முப்பத்தோரு வருஷத்துல ஒரு ஓட்டை மின்விசிறியைக்கூட நல்லதுன்னு நான் எழுதினதில்லை. எழுதின ஒரே பொய் அறிக்கை அவ மேலதான்.

அதனால் என் கோரிக்கை இதுதான். வியாழக்கிழமைக்குள் இது உன் கைக்கு வந்துவிடும். மாப்பிள்ளையிடம் சொல்லி, பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து, அவள் பெயரைத் திரும்பச் சேர்க்கச் சொல். சரிசெய்து தருகிறேன் என்று நான் எடுத்துக்கொண்டு வந்த வண்டியும் இந்தப் பார்சலிலேயே இருக்கிறது. பட்டைக்குக் கம்பி வளைத்து ஆணி செய்து கோத்துவிட்டேன், அது இனி என் ஆயுசுக்குத் தாங்கும். பீரங்கியைத்தான் திருப்ப முடியவில்லை, பின்பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஓட்டிப் பார்க்கவில்லை. இனி அந்த ரிமோட்டில் என் கை படாது, இது சத்தியம். பொடிசிடம் விஷயத்தை நீயே பக்குவமாகச் சொல், அவள் இன்னும் தன் மேல்தான் தப்பு என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளை என்னைத் திட்டினால் நியாயம். அவர் கை நீண்ட நாள் நோகாமல் தொழில் செய்யட்டும், நீ எப்போதும்போல் சிரித்துக்கொண்டிரு, குழந்தை என்னைவிட நல்லவளாக வளரட்டும்.

தலைகுனிந்து,
உன் அண்ணன்

பி.கு.: பார்சலைக் கட்டுவதற்கு முன்னால், ஓடாத வண்டியை அனுப்பினால் குழந்தை கண்காட்சியில் என்ன செய்யும் என்று ஒரே ஒரு தடவை சுவிட்சைப் போட்டேன். சத்தியம் போச்சு, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வண்டி அசையவில்லை. பேட்டரி மூடியைத் திறந்தேன். உள்ளே பேட்டரி இல்லை, கசிவும் இல்லை, பிரஷ் போட்டுத் துடைத்த மாதிரி சுத்தம். நாலாக மடித்த ஒரு காகிதம் மட்டும் இருந்தது. நான் எழுதுகிற மாதிரியே கோடு போட்டு எழுதியிருக்கிறாள். "பொருள்: பீரங்கி வண்டி. பழுது: இடது பட்டை, தலை. காரணம்: மாமா. மாமா கட்டைவிரல் கட்டுக்கு வெளியே பச்சைப் பெயின்ட் இருக்கு. குறிப்பு: அம்மாகிட்டயும் அப்பாகிட்டயும் சொல்ல வேண்டாம். சொன்னா அப்புறம் மாமாகிட்ட யாரும் எதையும் சோதிக்கக் குடுக்க மாட்டாங்க."

தேதி போட்டிருக்கிறாள். நான் அறிக்கை வாசித்ததற்கு முந்தின நாள் சாயங்காலம். அவள் என்னை நம்பினாள் என்று மேலே எழுதியிருப்பதையெல்லாம் அடித்துவிடு. அடியில் முத்திரைக்கு என்று ஒரு கட்டம் போட்டுக் காலியாக விட்டிருக்கிறாள். காகிதத்தை மடித்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன், முத்திரையும் மையும் பார்சலில் வண்டிக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அவளையே குத்தச் சொல்.