நியூ ஆர்லியன்ஸ் சம்பந்திக்கு ஒரு பிரெஞ்சு டோஸ்ட்

ரொட்டித் துண்டு முட்டைப்பாலுக்குள் போனதை ஹார்லன் பார்த்தார். வெளியே வந்ததைத்தான் பார்க்கவில்லை. கரண்டியால் துழாவியபோது கஞ்சிதான் வந்தது.

"காஞ்ச ரொட்டியிலதான் பண்ணணும்னு ஊருக்கே தெரியும். சுடச்சுட வாங்கிட்டு வந்து பீத்திக்கிட்டீங்க," என்றாள் மனைவி மார்லிஸ்.

"பாரிஸ்ல இப்படித்தான்."

பாரிஸில் ஹார்லன் ஒரு வாரம் இருந்திருக்கிறார். அதில் பாதி வயிற்றுப்போக்கோடு ஓட்டல் அறையில். ஆனாலும் அமெரிக்காவின் வடகோடியிலுள்ள டுலூத் நகரில் பிரெஞ்சுச் சமையலின் தூதர் தாமே என்பது அவர் எண்ணம். அதனால்தான் வந்தது வினை. மகள் ஸிக்ரிட் கட்டிக்கொள்ளப் போகிறவனின் பெற்றோர், இந்தக் கிறிஸ்துமஸ் காலையில் முதல் முறையாக வீட்டுக்கு வருகிறார்கள். தெற்கே நியூ ஆர்லியன்ஸ்காரர்கள், பிரெஞ்சு ரத்தம். இதுவரை போனில் குரல் கேட்டதோடு சரி. "பிரெஞ்சு டோஸ்ட்டா? எங்க வீட்டுல அது பரம்பரை!" என்று அந்தப் போனிலேயே ஹார்லன் அளந்து வைத்திருந்தார். இப்போது சொதப்பினால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது?

மிச்ச ரொட்டியை ஓவனில் வைத்துக் காய வைத்தார். ஓடாகிவிட்டது.

"கூரையில போடலாம்," என்றாள் மார்லிஸ்.

இளகட்டும் என்று ரம்மில் ஊறப்போட்டு, வெண்ணெய் காய்ந்த சட்டியில் இட்டார். குப்பென்று தீ எழும்பியது. அடங்கியபோது டோஸ்ட் கரியாகவும் ஹார்லனின் இடது புருவம் பாதியாகவும் இருந்தன. புகைமணி அலறியது.

"பாரிஸ்ல..." என்று அவர் தொடங்கும்போது வாசல் மணியும் சேர்ந்துகொண்டது.

வாசலில் பனித்தொப்பியோடு வயதான தம்பதி.

"வாங்க சம்பந்தி!" ஹார்லன் இருவரையும் கட்டிப்பிடித்து உள்ளே இழுத்தார்.

"இல்லீங்க, நாங்க வந்தது..."

"எதுக்கு வந்தீங்கன்னு தெரியாதா எனக்கு? முதல்ல கோட்டைக் கழட்டுங்க!"

புகைமணியைத் துண்டால் விசிறி அடக்கிய மார்லிஸ் எட்டிப் பார்த்தாள். "பிள்ளைங்க எங்க?"

"கலிபோர்னியாவுல," என்றார் பெரியவர், கேள்வி புரியாமல்.

ஹார்லன் விழுந்து விழுந்து சிரித்தார். "தெற்கத்திக்காரங்க குசும்பே தனி!"

மேசையில் உட்கார வைத்து, கரியைச் சுரண்டிய டோஸ்ட்டை முன்னால் நீட்டினார்.

"சாப்பிடுங்க."

"வேண்டாங்க."

"ஒரு வாய்."

"உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு?"

"கிறிஸ்துமஸும் அதுவுமா!"

"இப்பத்தான் சாப்பிட்டோம்."

"சும்மா ருசிக்கு."

"சரி, சின்னத் துண்டு."

மூன்று முறை மறுத்து நாலாவதில் இறங்கி வரும் அச்சு அசல் டுலூத் மரியாதை. "பார்த்தியா, நம்ம பழக்கத்தைக் கத்துக்கிட்டே வந்திருக்காங்க," என்று மனைவி காதில் கிசுகிசுத்தார் ஹார்லன்.

பெரியவர் கடித்தார். சத்தம் சமையலறை வரை கேட்டது. அவர் மனைவி சன்னலைப் பார்த்தபடி, "உங்க..." என்று தொடங்கினார்.

"மேப்பிள் பாகுதானே? இந்தாங்க!" தட்டில் குளம் கட்டியது. "எப்படி இருக்கு?"

பெரியவர் நெடுநேரம் மென்றார். "வித்தியாசமா இருக்கு."

ஹார்லனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டுலூத்தில் சமையலுக்கு இதைவிடக் கொடிய வசவு கிடையாது. ஆனால் நியூ ஆர்லியன்ஸ்காரருக்கு அது எப்படித் தெரியும்? ஒருவேளை அங்கே இது பாராட்டோ? குழப்பத்தில் இன்னும் இரண்டு துண்டு வைத்தார். மரியாதைக்கு அவர்கள் அதையும் தின்றார்கள்.

போன் அடித்தது. ஸிக்ரிட்.

"அப்பா, இன்னும் ஓட்டல்லதான் இருக்கோம். அத்தை பூட்ஸைத் தேடிக்கிட்டிருக்காங்க. கோவிச்சுக்காதே, அரை மணியில நாலு பேரும் வந்துடுவோம். மாமாவுக்கு நேத்திலிருந்து உன் டோஸ்ட்டைப் பத்தியேதான் பேச்சு. அவருக்கு எடுத்து வச்சிருக்கேல்ல?"

ஹார்லன் தட்டைப் பார்த்தார். காலி. கடைசித் துண்டு பெரியவரின் கடைவாயில் மொறுமொறுத்துக்கொண்டிருந்தது.

"அப்ப... நீங்க யாரு?"

பெரியவரின் மனைவி முள்கரண்டியை ஓசைப்படாமல் கீழே வைத்தார்.

"அடுத்த தெருதாங்க. உங்க கார் விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கேன்னு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தோம்... பரவாயில்லை, இப்ப அதுவே அணைஞ்சிடுச்சு."