மெயின்ஃப்ரேமில் நான் தட்டிய ஒரு சொல்

மரியாதைக்குரிய மாமாவுக்கு மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அத்தையும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே நாளைக் காலை வரை எல்லோரும் சுகம். அதற்குப் பிறகு என்னால் அம்மாவுக்கு வேலை போய்விடும்.

விடுமுறை என்று அம்மா இன்று தன் அலுவலகத்தில் மெயின்ஃப்ரேம் என்ற பெரிய கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்கு என்னைக் கூட்டிப் போனாள். நீங்கள் வாங்கித் தந்த கம்ப்யூட்டர் புத்தகத்தையும் கொண்டுபோனேன். அதில், கெர்னல் என்று ஒன்று நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும், யாரையும் எதுவும் கேட்காது என்று போட்டிருக்கிறது. "இதுல கெர்னல் எங்கம்மா?" என்றேன். "நடுவுல ஒண்ணு இருக்குடி. ஆனா இங்க பாதி வேலைய புரோகிராமுங்க ஆளுக்கொரு ரூம் போட்டுப் பாக்குதுங்க. ஒவ்வொரு ரூமுக்கும் மொத்த வீடும் தனக்குத்தான்னு நெனப்பு. ஹால் மட்டும்தான் பொது." "நம்ம வீடு மாதிரியா?" "வாய மூடு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். அப்போதுதான் மாமா, திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. கணக்கைப் பதிந்து வைத்திருக்கும் டேப் கிடைக்கவில்லை, காத்திருக்கவா, ரத்து செய்யவா என்று கேட்டது. யாரையும் கேட்காது என்றல்லவா படித்தேன்? வீட்டுக் கம்ப்யூட்டர் இப்படித் தொல்லை செய்தால் செய்வதுபோல, கேன்சல் என்று தட்டிவிட்டேன். சிவப்பு போகவில்லை. கீழே இன்னொரு வரி வேறு வந்தது. அதைப் படிக்காமலே மூலைக்கு ஓடிவிட்டேன். மேலாளர் வந்து, "எல்லாக் கிளையும் காத்துக் கெடக்கு, வேலை ஏன் நிக்குது? யாரு கை வெச்சா?" என்று கத்தினார். "நான்தான் சார் இருந்தேன்" என்றாள் அதற்குள் திரும்பி வந்த அம்மா. திரையைப் படித்துவிட்டு, அம்மா மேலாளருடைய அறைக்குள் போய் எதையோ எடுத்து வந்து மெஷினில் மாட்டினாள். அதைப் பார்த்ததும் அவர் குரலைத் தாழ்த்தி, "காலைல என் ரூமுக்கு வாங்க" என்றார். கத்துகிறவர்கள் மன்னித்துவிடுவார்கள் மாமா, குரலைத் தாழ்த்துகிறவர்கள்தான் சீட்டைக் கிழிப்பார்கள்.

ஆகவே உடனே புறப்பட்டு வந்து, புத்தகம் வாங்கித் தந்தவர் என்ற முறையில் குற்றத்தை நீங்களே ஏற்றுக்கொள்ளவும். பெரியவரை ஒன்றும் செய்ய மாட்டார்கள். அத்தைக்கு வணக்கம். குட்டிப்பயலுக்கு முத்தம், அவனைக் கம்ப்யூட்டர் பக்கம் விடவேண்டாம்.

நடுக்கத்துடன்,
உங்கள் மருமகள்

பின்குறிப்பு: மேலே உள்ளதை மறந்துவிடவும். உறை கேட்டபோது அம்மா இதைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். கேள்வியின் எண்ணையும் சேர்த்துத் தட்டினால்தான் அது பதிலாம். நான் தட்டியதைப் புரியவில்லை என்று தள்ளிவிட்டு, மெயின்ஃப்ரேம் தன் பாட்டுக்குக் காத்திருந்ததாம். அது கேட்ட டேப், மேலாளர் மேஜையில் டீ கிளாஸுக்கு அடியில் கிடந்ததாம்! வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று அவரே போனில் கெஞ்சிவிட்டார். வேலைக்கு ஆபத்தில்லை. ஆனால், "என்கிட்ட மறைச்சிட்டு மாமனுக்கு லெட்டரா? வாடி இங்க" என்று அம்மா கூப்பிடுகிறாள். குரலைத் தாழ்த்தித்தான் கூப்பிடுகிறாள். எப்படியும் உடனே புறப்பட்டு வரவும்.