பதினெட்டாம் அத்தியாயத்தில் மாமா இறந்தார்

உங்கள் குரல் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. கல்லூரியில் கணக்கு நடத்துகிறவன் நான். கடைசி பெஞ்சு வரை போகும் என் குரலை ஆண்டு விழாவில் யாரோ 'கணீர்' என்று புகழ்ந்துவிட்டார்கள். (வகுப்பில் தூங்க முடியாத வருத்தத்தில் சொன்னதாகவும் இருக்கலாம்.) இவ்வளவு பெரிய சொத்தை நாலு சுவருக்குள் வைத்திருப்பது நாட்டுக்குச் செய்யும் துரோகம் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அந்த நேரத்தில்தான் இணையத்தில் ஒரு தன்னார்வக் குழு கண்ணில் பட்டது. பதிப்புரிமை முடிந்துபோன பழைய நூல்களை ஆளுக்கொரு அத்தியாயமாக வாசித்துப் பதிவு செய்து, யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கேட்கும்படி வைப்பார்கள். நாம் வாசித்ததை இன்னொரு தன்னார்வலர் மூலத்தோடு சொல் சொல்லாக ஒப்பிட்டுப் பார்ப்பார். எனக்கு வந்தது, எந்தக் காலத்திலோ வந்த ஒரு நாவலின் பதினெட்டாம் அத்தியாயம். அதில் ஒரு ஜமீன்தார் மண்டையைப் போடுகிறார். அவருடைய மருமகன் அத்தியாயம் முழுக்க அழுகிறான். மற்றவர்கள் ஏன் அதைத் தொடாமல் விட்டுவைத்தார்கள் என்று நான் யோசிக்கவில்லை.

இங்கே என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்பை என்கிற அம்பாசமுத்திரத்தில் உரக்கடை நடத்தி ஓய்ந்தவர். அத்தை போனபின் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தார். இதயத்தில் வேறு கோளாறு. எங்களோடு தச்சநல்லூரில் வந்து இருங்கள் என்று என் மனைவி செல்வி கெஞ்சாத நாளில்லை. "மருமகன் வீட்டுல போயி உக்காந்து திங்கவா?" என்பதுதான் அவர் பதில். (எனக்கும் அவருக்கும் சண்டை கிடையாது. பேச்சே இல்லாதபோது சண்டை எங்கிருந்து வரும்?) கடைசியில், பாளையங்கோட்டையில் டாக்டரைப் பார்க்கும் சாக்கில் ஒரு வாரம் இருந்து பார்க்கச் சம்மதித்தார். பிடித்தால் தங்குவார், பிடிக்காவிட்டால் கிளம்பிவிடுவார்.

"அப்பா மனசு கோணாம பாத்துக்கிடுங்க. அதிர்ச்சியே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காவ" என்று செல்வி என்னைத் தனியாக அழைத்து எச்சரித்தாள்.

டாக்டரிடம் போகவேண்டிய நாள் வந்தது. செல்வி அவரைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனதைத் தெருவே பார்த்தது. எனக்கோ வீடு காலி. இதைவிட்டால் ஒலிப்பதிவுக்கு வேறு நாள் கிடைக்காது. கதவைத் தாழிட்டு, ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தினேன். எதிரொலி வராமலிருக்க ஜமுக்காளத்தைத் தலையோடு போர்த்திக்கொண்டு, காதில் பெரிய ஹெட்போனையும் மாட்டிக்கொண்டு, சித்திரை வெயிலில் ஆரம்பித்தேன்.

"மாமா! எங்களை இப்படி நடுத்தெருவில் விட்டுப் போய்விட்டீர்களே!"

திருப்தி வரவில்லை. இருமினேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி அழுதேன். நெஞ்சில் அடித்துக்கொண்டால் விம்மல் இயல்பாக வருமென்று தோன்றியது. அடித்துக்கொண்டேன். நிறுத்துவதும், மூக்கைச் சிந்துவதும், முதலிலிருந்து தொடங்குவதுமாகக் காலை முழுக்கப் போயிற்று. வெளியே இருந்து கேட்டவர்களுக்கு அது வாசிப்பாகத் தெரிந்திருக்க நியாயமில்லை. கதவைத் தட்டியிருக்கிறார்கள்; ஹெட்போனுக்குள் இருந்த எனக்கு ஜமீன்தாரைத் தவிர வேறு உலகமில்லை.

வேர்த்து விறுவிறுத்து, கண் சிவந்து, தோளில் ஒரு துண்டோடு நான் கதவைத் திறந்தபோது, வாசல் முழுக்க பிளாஸ்டிக் நாற்காலிகள். தெருவின் ஆண்கள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் அக்காவும் மற்ற பெண்களும். பலசரக்குக் கடை அண்ணாச்சி எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என் வாசிப்பில் உருகி வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். (சத்தியமாக.)

"கேட்டீங்களா அண்ணாச்சி?"

"தெரு முச்சூடும் கேட்டுச்சு தம்பி. எங்களாலயே தாங்க முடியல."

"இன்னும் நல்லா அழுதிருக்கலாம். பாதியில தொண்டை கட்டிட்டு."

"பெத்த பிள்ளைகூட இப்படி அழாது. மனசத் தேத்திக்கிடுங்க." சற்று நிறுத்தி, தயங்கிக் கேட்டார். "மாமாவை ஆஸ்பத்திரியிலேருந்து எப்பம் கொண்டு வாராவ?"

"வார நேரந்தான் அண்ணாச்சி. ஆட்டோல வாராவ."

"ஆட்டோலயா?" என்றார் அண்ணாச்சி. அவர் முகம் போன போக்கு எனக்குப் புரியவில்லை.

அப்போது தெருமுனையில் சங்கு ஊதினார்கள். ஒருவர் ரோஜா மாலையைக் கொண்டுவந்து அண்ணாச்சி கையில் கொடுத்தார். என் மரமண்டைக்கு அப்போதுதான் உறைத்தது. இவர்கள் வந்திருப்பது துஷ்டி கேட்க, அதாவது சாவு விசாரிக்க. நான் வாயைத் திறப்பதற்குள் ஆட்டோ வந்து நின்றது.

மாமனார் இறங்கினார். சங்கைக் கேட்டார். நாற்காலிகளையும் மாலையையும் பார்த்தார். அவர் வீட்டில் விட்டுப்போனது என்னை ஒருவனைத்தான். என்னையோ கூட்டம் மறைத்திருந்தது.

"ஐயோ மாப்ளே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். "எம் பிள்ளைய விட்டுட்டுப் போயிட்டீரேய்யா! இது போற வயசாய்யா உமக்கு? நான்லாய்யா போயிருக்கணும்!"

காலை முழுக்க நான் மெனக்கெட்டும் வராத அழுகை, அவருக்கு ஒத்திகையே இல்லாமல் வந்தது. ஆறு வருஷமாக "சாப்பிட்டாச்சா" என்பதைத் தாண்டி என்னிடம் ஒரு வார்த்தை பேசாத மனிதர். அத்தனை கூத்துக்கும் நடுவில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"மாமா, நான் இங்கன இருக்கேன்!" என்று கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். அவர் என்னைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. அண்ணாச்சி அவரைப் பார்த்து மாலையைக் கீழே போட்டார். பேச்சியம்மாள் அக்கா "ஏ ஆத்தா!" என்று செல்வியின் மேல் மயங்கி விழுந்தாள். (கடைசியில் அக்காவைத் தெளியவைக்கத்தான் அதிக நேரம் பிடித்தது.)

மாமனார் தண்ணீர் குடித்தார். மூச்சு சீரானது. சுற்றிலும் ஒரு முறை பார்த்தார்.

"அப்பம் யாருதான் செத்தது?"

தெருவே என்னைப் பார்த்தது.

"ஜமீன்தார், மாமா. பதினெட்டாம் அத்தியாயத்துல."

கூட்டம் கலையும்போது புதுச் சிக்கல். துஷ்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக் கூடாது. இது துஷ்டி வீடா, இல்லையா? பாதிப் பேர் "வாரேன்" என்றார்கள். பாதிப் பேர் வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு போனார்கள். வீட்டுக்குப் போய்த் தலை முழுக வேண்டுமா என்று தங்களுக்குள் விவாதித்துக்கொண்டே போனவர்களும் உண்டு.

சாயங்காலம் மாமனார் பையைத் தூக்கினார். செல்வி அழுதாள். அவர் செருப்பை மாட்டி, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, 'வாரேன்' என்று ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறிவிட்டார்.

"அவ்வளவுதான். இனிமே எங்க அப்பா இந்த வாசப்படிய மிதிக்க மாட்டாவ" என்றாள் செல்வி.

வெறுத்துப்போய், பதிவைத் திரும்பக் கேட்காமலே குழுவுக்கு அனுப்பித் தொலைத்தேன். சரிபார்த்தவரிடமிருந்து குறிப்பு வந்தது: "அழுகை மிக இயல்பு. ஆனால் இறுதியில் 'நல்ல மனுசன்லா, நேத்துகூட என்ன குழம்புன்னு கேட்டாவளே' என்று ஒரு பெண் புலம்புவது மூலத்தில் இல்லை. நீக்கவும்."

அடுத்த வெள்ளிக்கிழமை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாமனார் இறங்கினார். கூடவே டிரங்குப் பெட்டியும் பாத்திர மூட்டையும் இறங்கின.

"அம்பையில எங்க தெருவுல பாதி வீடு பூட்டிக் கெடக்கு மாப்ளே. நான் செத்தா தூக்கதுக்கே ஆளு தேடணும். இங்கன நான் சாகவே இல்ல, அதுக்குள்ள எத்தன பேரு! இங்கனயே இருந்துக்கிடுதேன்."

"அன்னைக்கு ஒண்ணுமே சொல்லாம போயிட்டீகளே மாமா?"

"துஷ்டி வீட்டுல வாரேன்னு சொல்லலாமாவே?"

அந்த ஒலிநூல் இப்போதும் இணையத்தில் இருக்கிறது. என் அத்தியாயத்தைக் கேட்டவர்கள் குறைவு. திரும்பத் திரும்பக் கேட்கிறவர் என் மாமனார் மட்டும்தான். விருந்தாளி வந்தால் போதும், போனை எடுத்துவிடுவார். "நான் செத்தப்பம் மாப்ளே எப்படி அழுதாருன்னு கேளுங்க." முடிந்ததும், "நான் அவருக்கு அழுதது இதைவிட நல்லா இருந்துச்சு. அதைப் பதிவு பண்ணாம விட்டுட்டாரு" என்று குறைப்பட்டுக்கொள்வார்.

தினமும் காலையில் பேப்பர் வாங்கக் கிளம்பும்போது வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்ப்பார். வேண்டுமென்றே ஒன்றும் சொல்லாமல் படி இறங்குவார். நானும் எழுந்திருக்காமல் காத்திருப்பேன். அண்ணாச்சி கடை வரை பைய நடந்துபோய், அங்கே திரும்பி நின்று, தெரு முச்சூடும் கேட்கும்படி ஒரு சத்தம் போடுவார்: "வாரேன் மாப்ளே!"

கணீர்க் குரல் என்றால் அதுதான்.