குளியலறையில் மட்டும் விழித்திருக்கும் அப்பா

மதிப்பிற்குரிய பெரிய மாமாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம், ஆனால் தூக்கத்தில் இருக்கிறார்கள். இரவுப் பணி முடிந்து வந்தால் பகலில் கண் மூடவே மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இங்கே நிலைமை தலைகீழ். எலக்ட்ரீஷியனான நீங்கள் உடனே வந்தால்தான் அப்பா பரீட்சை எழுத முடியும்.

நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது, வெள்ளை வெளிச்சம் பட்டால் பகல் என்று நம்பிவிடும், மங்கலான மஞ்சள் வெளிச்சம் பட்டால் தூங்கத் தயாராகும் என்று நூலகப் புத்தகத்தில் படித்தேன். வெள்ளிக்கிழமை அப்பாவுக்குப் பொத்தான் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் பரீட்சை. இரண்டு முறை தவறிவிட்டார், இதுதான் கடைசி வாய்ப்பு. நன்றாகத் தூங்கினால் நன்றாக எழுதுவார் என்று வீடு முழுக்க மஞ்சள் பல்பு மாட்டினேன். குளியலறைக்குள் மட்டும் ஏணி நுழையவில்லை. அன்றிலிருந்து மாலை ஏழு மணிக்கு நான் கூடத்தில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க வாசிக்கத் தொடங்கினால், இரண்டாம் பக்கத்திலேயே அப்பா பாடக்குறிப்பின் மேல் சாய்ந்துவிடுகிறார், அம்மா கரண்டியைப் பிடித்தபடி சுவரோரம் தூங்குகிறார், அண்ணன் ஒரு காலில் செருப்போடு. சுத்தியல் இரவல் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரரும் நாற்காலியிலேயே குறட்டை. அவரைத் தேடி வந்த அவர் மனைவி, "வீட்டுல ஒரு நாளும் இவரு இப்படித் தூங்கினதில்லையே"ன்னு பக்கத்துல உக்காந்தாங்க, அவங்களுக்கும் தலை தொங்கிடுச்சு. மஞ்சள் வெளிச்சத்துக்கு இவ்வளவு வீரியமான்னு எனக்கே பயமாயிடுச்சு மாமா.

இப்ப அப்பா முழிச்சிருக்கிற ஒரே இடம் குளியலறை. வெள்ளை விளக்கு அங்கதானே இருக்கு. கவுத்துப் போட்ட வாளி மேல உக்காந்து, கதவைத் தாழ் போட்டுட்டுப் படிக்கிறார்.

அண்ணன் வெளியே நின்னு, "அப்பா, எந்தப் பாடத்துல இருக்கீங்க? எனக்கு அவசரம்"ங்கறான்.

"ஓட்டை போடுற இயந்திரத்துல இருக்கேன், பொறுடா"ங்கறார்.

அம்மா எங்கிட்ட, "உன் கடிகாரத்தைத் தூக்கி உடைப்புல போடு. எனக்கு முகம் கழுவணும்"ங்கறாங்க.

ஆகவே புதன்கிழமைக்குள் வெள்ளை விளக்குகளோடு வந்து எங்கள் குடும்பத்தை எழுப்புமாறு வேண்டுகிறேன். உங்கள் கைபட்ட விளக்கெல்லாம் நின்று எரியட்டும். அத்தைக்கு என் அன்பு.

கீழ்ப்படிதலுள்ள,
உங்கள் மருமகள்

பி.கு.: இதை அப்பாவிடம் காட்டினேன். கதவை ஒரு சாண் திறந்து, "விளக்கு என்னம்மா பண்ணும், பாவம். நீ வாசிக்கிறது இங்க கேக்காது, அதான் வந்தேன்" என்றார். யோசித்துப் பார்த்தேன். நேற்றுத் தொண்டை கட்டி நான் வாசிக்கவில்லை. அதே மஞ்சள் வெளிச்சத்தில் கூடத்தில் அமர்ந்து அப்பா ஐந்து பாடம் முடித்தார். நீங்கள் வர வேண்டாம். புத்தகத்தின் நான்காம் அத்தியாயத்தை என் கையால் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பகலில் அத்தையை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அத்தை மட்டும் உட்கார்ந்தே வாசிக்கட்டும், தூங்கி விழுந்துவிடப் போகிறார்.