மூணுதட்டு அண்ணன் விழுந்த விதம்

டிவியில் மல்யுத்தம் பார்க்கிறவர்கள் மதுரையில் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அவர்களில் தோற்கிறவனை மட்டுமே பார்த்த ஒரே மனிதர் எங்கள் மூணுதட்டு அண்ணன்தான். ஜெயித்தவன் கயிற்றின் மேல் ஏறி நின்று பெல்ட்டைத் தூக்கிக் காட்டும்போது ஊரே அவனைப் பார்க்கும். இவர் மட்டும் கழுத்தை நீட்டி, டிவியின் ஓரத்தில் உருண்டு கிடக்கிறவன் எப்படிக் கிடக்கிறான் என்று பார்ப்பார். அவன் ஒழுங்காகக் கிடந்தால்தான் அன்றைக்கு அண்ணனுக்கு டீ இறங்கும்.

வில்லாபுரத்தைத் தாண்டி ஒரு பருப்பு குடோன். அங்கே நான் எடை போடுகிற வேலையில் இருந்தேன். அண்ணன் லோடுமேன். கீழக்குயில்குடியிலிருந்து தினமும் சைக்கிளில் வருவார். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்ததாகக் கேள்வி. நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

மல்யுத்தத்தில் ஒருவனைக் கீழே போட்டு அமுக்கினால், நடுவர் படுத்துக்கொண்டு தரையை மூன்று முறை தட்டுவார். மூன்றாவது தட்டுக்குள் எழுந்துவிட்டால் பிழைத்தான். இல்லையென்றால் தோல்வி. அண்ணன் இந்தச் சட்டத்தை உலகத்துக்கே பொதுவாக்கிவிட்டார். லாரியில் கடைசி மூட்டை ஏறியதும் பின்கதவில் மூன்று தட்டு. சாப்பிட்டுவிட்டு எவனாவது மூட்டைமேல் கண்ணயர்ந்தால் அவன் காதோரம் மூன்று தட்டு. அவன் அலறி எழுந்தால், "மூணுக்குப் பெறகு எந்திரிச்சா செல்லாது மாப்ள, படு" என்பார்.

எங்கள் லோடுமேன் ஒருவரின் கல்யாணத்துக்கு எல்லோரும் போயிருந்தோம். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும் முன்வரிசையில் டொப் என்று ஒரு சத்தம். இரண்டாவது முடிச்சுக்கு இன்னொரு டொப். மூன்றாவது முடிச்சை வழக்கப்படி மாப்பிள்ளையின் அக்கா போட்டார். சத்தத்தைக் காணோம். திரும்பிப் பார்த்தால், அண்ணன் தூக்கிய கையோடு யோசித்துக்கொண்டிருக்கிறார். "பாதியில ஆள் மாறிருச்சே. செல்லுமா?" என்று பெண்ணின் தாய்மாமனிடம் கேட்டார். அவர் பயந்துபோய், செல்லும் செல்லும் என்று தலையாட்டிய பிறகுதான் மூன்றாவது தட்டு விழுந்தது. அந்தத் தம்பதிக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறார்கள்.

குடோனுக்கு எதிரே பாண்டியின் டீக்கடை. பகல் இரண்டு மணிக்கு, முந்தின வாரத்து மல்யுத்தத்தை மறுபடி போடுவார்கள். ஒன்றே முக்காலுக்கே ரிமோட் அண்ணன் கைக்குப் போய்விடும். ஒருமுறை எவனோ ஒரு வெளியூர்க்காரன் நடுவில் பாட்டு சேனலுக்கு மாற்றிவிட்டான். அண்ணன் எழுந்து நின்றார், அவ்வளவுதான். அந்த ஆள் கையிலிருந்த வடையைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டான் என்று பாண்டி சொல்வார்.

வர்ணனை முழுக்க இங்கிலீஷ். அண்ணனுக்கு அதில் ஒரு வார்த்தையும் தெரியாது, தேவையும் இல்லை. எல்லோருக்கும் அவரே பெயர் வைத்திருந்தார். தலைமுடியைச் சிவப்பாக்கி உச்சியில் முடிந்திருப்பவன் செங்கொண்டை. எப்போதும் தாமதமாக, யாரையும் மதிக்காமல் நடந்து வருகிறவன் தாசில்தார். வெள்ளை வெளேரென்று, தொப்பையோடு, வாராவாரம் தோற்றுப்போகிறவன் மைதா மூட்டை. அண்ணனின் உயிர் மைதா மூட்டைமேல்தான்.

"இம்புட்டு வருஷமா பாக்குறீகளே, அது பூரா செட்டப்புண்ணே. யார் ஜெயிக்கணும்னு மொதல்லயே பேசி வச்சுருவாங்க" என்று பாண்டி ஒருநாள் சொன்னார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணன் கோபப்படவில்லை.

"வருஷா வருஷம் அழகர் தங்கச்சி கல்யாணத்துக்குக் கெளம்பி வாராரு. ஒரு வருஷமாச்சும் நேரத்துக்கு வந்திருக்காரா? லேட்டாத்தான் வருவாருன்னு தெரியும்ல? அப்புறம் எதுக்குய்யா நீ கடையப் பூட்டிட்டு ஆத்துக்குள்ள போயி நிக்கிற?"

பாண்டி அதன்பிறகு டீ ஆற்றுவதோடு நிறுத்திக்கொண்டார்.

நான் கூட்டத்தில் பேசுகிற ஆள் இல்லை. எல்லோருக்கும் பின்னால், தூணை ஒட்டி நின்று டீ குடிப்பேன். அதனாலோ என்னவோ, அண்ணன் எனக்குத்தான் விளக்கம் சொல்வார். ஒருநாள் செங்கொண்டைக்கும் மைதா மூட்டைக்கும் நடந்த ஒரு சண்டையை அவர் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதுவரை எனக்கு அது இரண்டு தடியர்கள் அடித்துக்கொள்வது. அன்றைக்குத்தான் கண் திறந்தது.

செங்கொண்டை மைதா மூட்டையை அலாக்காகத் தலைக்கு மேல் தூக்கினான். எவ்வளவு பலம் என்று நான் வாயைப் பிளந்தேன். "பலம் இல்ல தம்பி. மைதா மூட்ட காலப் பாரு, எக்கிக் குடுக்குறான். நூறு கிலோவ ஒருத்தன் தனியாத் தூக்க முடியாது. நம்ம மூட்டைக்கி எக்கத் தெரியாது, அதான் நமக்கு இடுப்பு போகுது" என்றார்.

மைதா மூட்டை கீழே விழுந்தான். இடி விழுந்த மாதிரி சத்தம். சத்தம் முதுகிலிருந்து வரவில்லை, விழும்போதே உள்ளங்கையால் தரையை அறைகிறான் என்று காட்டினார். பார்த்தேன், அறைந்தான். பிறகு இருவரும் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள். எனக்குச் சலிப்பாக இருந்தது. அண்ணனோ நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "இப்பத்தான் காதுக்குள்ள பேசிக்கிறாங்க. அடுத்து என்ன, எங்கிட்டு விழணும், எல்லாம் இந்த எடத்துலதான்."

முதல் நிமிடத்தில் செங்கொண்டை எதிராளியின் இடது முழங்காலில் ஓர் உதை விட்டிருந்தான். நான் மறந்தே போனேன். இருபது நிமிடம் கழித்து, மைதா மூட்டை செங்கொண்டையைத் தோளில் தூக்கிவிட்டான். இந்த வாரம் ஜெயித்துவிடுவான் என்று கடையே எழுந்து நின்றது. அப்போது அதே இடது முழங்கால் மடங்கியது. பொத்தென்று விழுந்தான். நடுவரும் அண்ணனும் ஒரே நேரத்தில் மூன்று தட்டினார்கள்.

பேசி வைத்ததுதான் என்று தெரிந்தும் என் டீ கையிலேயே ஆறிப்போயிருந்தது. அண்ணன் டிவியின் மூலையைக் காட்டினார். விளம்பரத்துக்கு முன் ஒரு நொடி, கூட்டத்துக்கு நடுவே மைதா மூட்டை திரும்பிப் போகிறான். ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை.

"கேமரா அந்தப் பக்கம் போயிருச்சு. இன்னமும் நொண்டுறான் பாரு தம்பி. அதான் தொழிலு."

இப்படி இருக்கும்போதுதான் குடோனின் பழைய மேனேஜர் வேலையை விட்டுப் போனார். முதலாளி, ஆள் யோக்கியன் என்ற ஒரே காரணத்துக்காக என்னை மேனேஜர் ஆக்கினார். என் படிப்பு பத்தாவது. என் குரல் எனக்கே சரியாகக் கேட்காது. "அண்ணே, லாரி வந்திருச்சு" என்று நான் போய்ச் சொன்னால், ஆறு லோடுமேன்களும் ஈ பறந்த மாதிரி ஒரு கையை வீசிவிட்டுப் பேச்சைத் தொடர்வார்கள். கெட்டவர்கள் இல்லை. நான் சொன்னது அவர்களுக்கு ஒரு உத்தரவாகவே தோன்றவில்லை. அண்ணனும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார்.

லாரிகள் நின்றன. டிரைவர்கள் முதலாளிக்கு போன் போட்டார்கள். மூன்றாவது வாரம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, இந்த மாசம் பார்ப்பேன், சரிப்படாவிட்டால் மச்சினன் மகன் சும்மாதான் இருக்கிறான், அவனை உட்கார வைப்பேன், நீ பழையபடி தராசுக்குப் போ என்றார். தராசுக்குப் போவதில் எனக்குக் கஷ்டம் இல்லை. ஆனால் என் மனைவி, நான் மேனேஜர் ஆன அன்றே சோழவந்தான் வரைக்கும் உள்ள சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் சொல்லி முடித்துவிட்டாள். கொழுந்தியாள் வீட்டில் இனிப்பு கொடுத்தாகிவிட்டது.

மாசக் கடைசி. பகல் இரண்டேகால். லாரி வந்து அரை மணி நேரமாக ஹாரன் அடிக்கிறது. ஆறு பேரும் பாண்டி கடையில். அன்றைக்கு மைதா மூட்டைக்கும் செங்கொண்டைக்கும் மறுபடி சண்டை. அண்ணன் ஒரு மாதமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்த சண்டை அது. குடோன் வாசலில் முதலாளி ஸ்கூட்டரை நிறுத்தி, அதன்மேல் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தார். நான் ரோட்டைக் கடந்தேன்.

கடையில் என்னை யாரும் கவனிக்கவில்லை. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே பெஞ்சில் இருந்த ரிமோட்டை எடுத்தேன். சத்தத்தைக் குறைக்கத்தான் நினைத்தேன். பட்டன் மாறி அழுத்தியதில் டிவியே அணைந்துவிட்டது.

பாண்டியின் டீ, உயரத்திலிருந்து கிளாசுக்கு வந்துகொண்டிருந்தது. அதுகூட நின்றுவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. அண்ணன் மெதுவாக எழுந்தார். எழுந்துகொண்டே இருந்தார். வடையை வைத்துவிட்டுப் போன வெளியூர்க்காரன் என் ஞாபகத்துக்கு வந்தான். எனக்கு ஓடவும் தெரியவில்லை. அண்ணன் கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, என் இரண்டு தோளையும் பிடித்தார். அவர் தாடை என் காதில் உரசியது.

"தள்ளு தம்பி" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

நான் தள்ளினேன் என்று சொல்ல முடியாது. பயத்தில் கை முன்னால் போனது. சட்டையில் ஒட்டிய பருப்பு உமியைத் தட்டிவிடுகிற அளவுக்குத்தான் என் விரல் பட்டிருக்கும். அண்ணன் கிளம்பினார். இரண்டடி பின்னால் போய், பெஞ்சில் இடித்து, பெஞ்சோடு புரண்டு, பாண்டியின் தண்ணீர் டிரம்மைச் சாய்த்துக்கொண்டு, மல்லாக்க விழுந்தார். இடி விழுந்த மாதிரி சத்தம். பக்கத்து மெக்கானிக் கடையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். முதலாளி ஸ்கூட்டரை விட்டு நிமிர்ந்துவிட்டார். ஐந்து லோடுமேன்களும் என் கையைப் பார்த்தார்கள். நானும் என் கையைப் பார்த்தேன்.

அண்ணன் உடனே எழவில்லை. எவ்வளவு நேரம் கிடக்க வேண்டுமோ அவ்வளவு நேரம் கிடந்தார். பிறகு இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டார். முதலாளிக்கே அவர் கைலியை இறக்கி நாங்கள் பார்த்ததில்லை.

"கோவிச்சுக்காதீக மேனேஜர்" என்றார் தெரு முழுக்கக் கேட்கும்படி. பிறகு மற்றவர்களைப் பார்த்து, "என்னடா பாக்குறீக? மேனேஜர் சொல்லிட்டார்ல?" என்று லாரியைப் பார்த்து நொண்டினார். ஐவரும் பின்னால் ஓடினார்கள். அன்றைக்கு ஏற்றிய வேகத்தில் அந்த லாரி அதுவரை நிறைந்ததில்லை.

முதலாளி மச்சினன் மகனைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. நான் மெல்லப் பேசினாலே வேலை நடந்தது. கோபத்தை அடக்கிக்கொண்டு பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். டீக்கடையில் மட்டும் அண்ணனைப் பார்த்து, "என்னண்ணே, எடை போடுற பயட்ட அடி வாங்குனீகளாமே" என்று சீண்டினார்கள். "நீ வாங்கிப் பாரு, தெரியும்" என்பார். ஒரு வாரம் நொண்டினார். நிஜமாகவே அடிபட்டுவிட்டதோ என்று மனம் கேட்காமல், தனியாக இருக்கும்போது தைலம் வாங்கிக்கொண்டு போய்க் கேட்டேன். "பின்ன, சும்மாவா நொண்டுவேன் மேனேஜர்?" என்று வாங்கித் தேய்த்துக்கொண்டார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கறக்க முடியவில்லை.

இதில் ஒன்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் அணைத்த பத்தாவது நிமிடத்தில், அந்தச் சண்டையில் மைதா மூட்டை ஜெயித்துவிட்டான். வாராவாரம் தோற்றவன், முதல் தடவையாக ஜெயித்தான். நாங்கள் போனதும் டிவியை மறுபடி போட்டிருந்த பாண்டி, மறுநாள் தயங்கித் தயங்கி இதைச் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அண்ணன் டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"ஜெயிச்சது கெடக்கட்டும். செங்கொண்ட எப்புடி விழுந்தான்?"

பாண்டி அதைக் கவனிக்கவில்லை. அண்ணன் அவரை மன்னிக்கவே இல்லை.

அதற்குப் பிறகும் பல வருடங்கள் சேர்ந்து வேலை பார்த்தோம். நான் வந்தால் கைலியை இறக்குவார். குடோனில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தாலும் இறக்குவார். தம்பி என்று அப்புறம் ஒருமுறைகூட அவர் என்னைக் கூப்பிடவில்லை. மேனேஜர்தான். என் மனைவிக்கு அந்த வார்த்தை இனித்தது. எனக்கு அவ்வளவாக இல்லை.

முழங்கால் தேய்ந்துபோய் அவர் வேலையை விட்டு மூன்று வருடமாகிறது. இடது காலா என்று ஆள் விட்டுக் கேட்டேன். இரண்டும்தான் என்று சொல்லி அனுப்பினார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கீழக்குயில்குடிக்குப் போனேன். ஊரை ஒட்டிய மலைக்குக் கொஞ்சம் தள்ளி வீடு. வீட்டில் எல்லோரும் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். தனியாகக் கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சுவரைப் பிடித்து எழுந்து, கைலியை இறக்கிவிட்டார்.

"யாரும் இல்லண்ணே. உக்காருங்க" என்றேன்.

"கேமரா எங்கிட்டு இருக்குன்னு நமக்கென்ன தெரியும் மேனேஜர்?"

செல்போனில் அந்தப் பழைய சண்டையைத் தேடி எடுத்து வைத்திருந்தேன். பெயர் தெரியாத இரண்டு பேரை, சிவப்புக் கொண்டையையும் தொப்பையையும் மட்டும் வைத்துத் தேடியதில் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவர் கையில் கொடுத்தேன். மூக்கோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். நான் அணைத்த இடம் தாண்டியது. கட்டிப் பிடித்தார்கள், காதில் பேசினார்கள். மைதா மூட்டை தூக்கினான், முழங்கால் ஆடியது, ஆனால் மடங்கவில்லை. செங்கொண்டை மிகவும் உயரத்திலிருந்து, கையும் காலும் விரிய, மல்லாக்க விழுந்தான்.

"ஆகா, நல்லா விழுந்தான்யா" என்றார் அண்ணன். அவ்வளவு மெல்ல அவர் பேசிக் கேட்டதில்லை.

எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. நான் கிளம்ப, அவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்தார். செருப்பை மாட்டக் குனிகிற மாதிரி வாசலில் உட்கார்ந்து, அவர் காலடியில் தரையை மூன்று முறை தட்டினேன்.

"எந்திரிங்க மேனேஜர்" என்று பதறிப்போய் என் தோளைப் பிடித்தார். பிறகு என் காதோரம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "யாராச்சும் பாத்துறப் போறாங்க, தம்பி."